'பி.பி. நார்மல் ஆயிடுச்சே, இனிமே மாத்திரை எதுக்கு?' - உயர் ரத்த அழுத்தம் இதயச் செயலிழப்பில் முடிவது எப்படி?

"அப்பாவுக்கு ராத்திரி படுத்தா மூச்சு வாங்குதுப்பா. ரெண்டு தலகாணி வெச்சாத்தான் தூக்கம் வருது" என்று ஊரிலிருந்து அம்மா போனில் சொல்கிறார். கொஞ்ச நாளாகவே அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிட்டார்கள். மாடிப்படி ஏறுவதை அவர் நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. ஒருநாள் நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தவரை ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். மறுநாள் காலையில் நீங்கள் பஸ்ஸில் இறங்கி நேராக வார்டுக்குப் போகிறீர்கள். டாக்டர் சொல்கிறார்: "ஹார்ட் ஃபெயிலியர்."

"அவருக்கு அட்டாக் எதுவும் வரலையே டாக்டர்?"

இதற்கான பதில், கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு நர்ஸ் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. "பி.பி. மாத்திரை சாப்பிடுறாரா?" அம்மா சொல்கிறார்: "சாப்பிட்டுட்டுத்தான் இருந்தார் சிஸ்டர். போன வருஷம் செக் பண்ணப்போ நார்மல்னு சொன்னாங்க. அதனால நிறுத்திட்டார்."

இது ஒரு தனிப்பட்ட குடும்பத்தின் கதை இல்லை. எந்த அரசு மருத்துவமனை மெடிக்கல் வார்டுக்குப் போனாலும் இதே உரையாடலைக் கேட்கலாம். பயிற்சிக்காக வார்டில் நிற்கும் நர்ஸிங் மாணவர்கள் முதல் வாரத்திலேயே இதைப் பார்த்துவிடுவார்கள். 'பி.பி. நார்மல்' என்ற நல்ல செய்தி எப்படி ஒருவரை ஆக்ஸிஜன் மாஸ்க் வரை கொண்டுபோகிறது? விரிவாகப் பார்ப்போம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் வெளியிட்ட உயர் ரத்த அழுத்தம் குறித்த அறிக்கையின்படி, 2024-ல் உலகம் முழுவதும் சுமார் 140 கோடி பேர் இந்தப் பிரச்னையுடன் வாழ்ந்தார்கள். மருந்தாலோ வாழ்க்கைமுறை மாற்றத்தாலோ அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள், ஐந்தில் ஒருவருக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான்.

இந்தியாவில்? 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இன்டியாப் ஆய்வு, பெரியவர்களில் 35.5% பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகச் சொன்னது. தலைக்கணக்கில் சுமார் 31.5 கோடி பேர்.

தமிழ்நாட்டில் 2020-ல் 'ஸ்டெப்ஸ்' என்ற கணக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அதில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் வெறும் 7.3%. 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு நடந்த இரண்டாவது கணக்கெடுப்பில் இது 17% ஆக உயர்ந்தது. இரண்டு மடங்குக்கும் மேலான முன்னேற்றம் என்பது உண்மை. நோய் இருக்கும் 100 பேரில் 83 பேருக்கு இன்னமும் அழுத்தம் கட்டுக்குள் இல்லை என்பதும் உண்மை.

இந்த 83 பேரில் பெரும்பாலானவர்களுக்கு இன்றைக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் ஒன்றா?

இல்லை. மூன்று விஷயங்களை நாம் குழப்பிக்கொள்கிறோம்.

மாரடைப்பு: இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு ஏற்பட்டு, தசையின் ஒரு பகுதி சேதமடைவது. குழாயில் வரும் பிரச்னை.

இதயத்துடிப்பு முடக்கம்: துடிப்பு திடீரென நின்றுபோவது. டாக்டர்கள் 'கார்டியாக் அரெஸ்ட்' என்பார்கள். பெரும்பாலும் இதயத்தின் மின்னோட்டத்தில் ஏற்படும் கோளாறு.

இதயச் செயலிழப்பு: இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால், உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை அதனால் அனுப்ப முடியாது; அல்லது அழுத்தம் ஏறி, நுரையீரலில் நீர் தேங்கினால்தான் அனுப்ப முடியும். இது பம்ப்பில் வரும் பிரச்னை.

'செயலிழப்பு' என்ற வார்த்தை இதயம் நின்றுவிட்டது போன்ற பயத்தைத் தருகிறது. இதயம் திணறிக்கொண்டு வேலை செய்கிறது என்று புரிந்துகொள்வதே சரி. சிகிச்சை உண்டு. நல்ல சிகிச்சையில் பல ஆண்டுகள் வாழ்பவர்களும் உண்டு.

அழுத்தம் எப்படி பம்ப்பைக் கெடுக்கிறது?

பி.பி. பார்க்கும்போது இரண்டு எண்கள் சொல்வார்கள். 120/80 என்றால், முதல் எண் இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாயில் இருக்கும் அழுத்தம். இரண்டாவது, இதயம் தளர்ந்து மறுபடி நிரம்பும்போது இருக்கும் அழுத்தம்.

ஒரு நாளைக்கு இதயம் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் குழாயில் இருக்கும் அழுத்தத்தை எதிர்த்துத்தான் இடது கீழறை ரத்தத்தைத் தள்ள வேண்டும். ஓவர்ஹெட் டேங்க் முதல் மாடியில் இருந்தால் மோட்டாருக்கு ஒரு வேலை. நான்காவது மாடியில் இருந்தால் வேறு வேலை. 120-க்குப் பதிலாக 170-ஐ எதிர்த்து வருஷக்கணக்கில் தள்ளும் இதயமும் அப்படித்தான். இதன் பாதிப்பு படிப்படியாக வருகிறது.

முதல் கட்டம், சுவர் தடிப்பது. ஜிம்மில் எடை தூக்கினால் கைத்தசை பெருப்பதுபோல இடது கீழறையின் தசையும் தடிமனாகிறது. ஆரம்பத்தில் இது இதயம் சமாளிக்கும் வழி. எக்கோ ரிப்போர்ட்டில் 'எல்.வி.எச்.' என்று போட்டிருப்பது இதைத்தான்.

இரண்டாவது கட்டம், விறைப்பு. தடித்த தசை சரியாகத் தளராது. தளராத அறையில் ரத்தம் எளிதாக நிரம்பாது. நிரம்ப முடியாத ரத்தம் பின்னால் தேங்கும். பின்னால் இருப்பது நுரையீரல். அதனால்தான் மூச்சு வாங்குகிறது. இந்தக் கட்டத்தில் இதயம் சுருங்கும் சக்தி நன்றாகவே இருக்கும்.

மூன்றாவது கட்டம், தளர்ந்து விரிவது. சிலருக்குத் தசை சோர்ந்துபோய் அறை பெரிதாகி, சுருங்கும் சக்தியும் குறைகிறது. உயர் அழுத்தம் இதயக் குழாய்களையும் கெடுப்பதால் இடையில் மாரடைப்பு வந்து தசை சேதமானால், இந்தக் கட்டம் இன்னும் வேகமாக வரும்.

இதில் சிறுநீரகத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இதயம் அனுப்பும் ரத்தம் குறைந்ததும், 'உடம்பில் தண்ணீர் பத்தவில்லை' என்று சிறுநீரகம் தப்பாகப் புரிந்துகொள்கிறது. உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. ஏற்கெனவே திணறும் இதயத்துக்குச் சுமை கூடுகிறது. காலில் வீக்கம், வயிறு உப்புசம், மூச்சுத்திணறல் எல்லாம் ஒன்றுசேர்ந்து வருவது இதனால்தான்.

எக்கோவில் 60% என்றால் 40% இதயம் போய்விட்டதா?

பலர் பயந்துபோகும் இடம் இது. 'இ.எஃப்.' என்பது, இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவிகிதம் ஒரு துடிப்பில் வெளியே போகிறது என்ற கணக்கு. யாருக்கும் 100% போகாது. சுமார் 55 முதல் 70 வரை இருந்தால் இயல்பு. 60% என்றால் சுருங்கும் சக்தி நன்றாகவே இருக்கிறது.

ஆனால், இதிலேயே இன்னொரு தவறும் நடக்கிறது. 40% அல்லது அதற்குக் கீழே இருந்தால் சுருங்கும் சக்தி குறைந்த செயலிழப்பு என்கிறார்கள். 50% அல்லது அதற்கு மேல் இருந்தும் செயலிழப்பு இருக்கலாம். மேலே சொன்ன 'விறைப்பு' கட்டம் அதுதான். நீண்ட கால உயர் ரத்த அழுத்தம், வயது, உடல் பருமன், சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இது அதிகம். 'இ.எஃப். நார்மல், அதனால ஹார்ட்டுக்கு ஒண்ணும் இல்ல' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மூச்சுத்திணறலும் வீக்கமும் இருந்தால், வேறு பரிசோதனைகளையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவுசெய்வார்.

மாத்திரை இல்லாத காலத்தில் என்ன நடந்தது?

உலகத்திலேயே சிறந்த மருத்துவ வசதி கிடைக்கக்கூடிய ஒருவருக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1944 மார்ச் இறுதியில் அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை இதயநோய் மருத்துவர் ஹோவர்ட் புரூன் பரிசோதித்தார். அதிபருக்கு அப்போது 62 வயது. ரத்த அழுத்தம் 186/108. இதயம் பெரிதாகியிருந்தது. நுரையீரலில் நீர் சேர்ந்த சத்தம் கேட்டது. உயர் ரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும் சேர்ந்தே இருந்தன.

அன்றைக்கு டாக்டரிடம் இருந்தவை ஓய்வு, உப்புக் குறைப்பு, எடைக் குறைப்பு, டிஜிட்டாலிஸ் என்ற பழைய இதய மருந்து. அழுத்தத்தைக் குறைக்கத் தினமும் போட்டுக்கொள்ளும் நல்ல மாத்திரை என்று ஒன்று அப்போது கிடையாது. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு ரூஸ்வெல்ட் இறந்தார். அப்போது அவரது ரத்த அழுத்தம் 300/190.

மூன்று வருஷம் கழித்து 1948-ல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் நீண்ட கால இதய ஆய்வு தொடங்கியது. அந்த ஆய்வின் தரவுகளை வைத்து 1996-ல் வெளியான கட்டுரை ஒன்று, இதயச் செயலிழப்பு வந்தவர்களில் 91% பேருக்கு அதற்கு முன்பே உயர் ரத்த அழுத்தம் இருந்ததைக் காட்டியது.

சரி, அழுத்தத்தைக் குறைத்தால் செயலிழப்பு குறைகிறதா? குறைகிறது. 80 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்து 2008-ல் வெளியான 'ஹைவெட்' ஆய்வில், மருந்து எடுத்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு 64% குறைந்தது. 9,361 பேர் பங்கேற்று 2015-ல் வெளியான 'ஸ்ப்ரின்ட்' ஆய்வில், மேல் எண்ணை 140-க்குக் கீழே வைக்க முயன்றவர்களைவிட 120-க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்குச் செயலிழப்பு 38% குறைவாக வந்தது.

ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மாத்திரை இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அப்படியிருந்தும் ஏன் இந்த நிலைமை?

மாத்திரை ஏன் நிற்கிறது?

காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

"நார்மல் ஆயிடுச்சு." இதுதான் முதல் காரணம். காய்ச்சல் மாத்திரை காய்ச்சலை முடித்துவைக்கிறது. பி.பி. மாத்திரை அப்படி இல்லை. அது போட்டுக்கொண்டிருக்கும்வரைதான் வேலை செய்யும். 130/80 என்று காட்டுவது 'மாத்திரையோடு சேர்ந்த நார்மல்'. நிறுத்தினால் சில நாள்களிலோ வாரங்களிலோ அழுத்தம் பழைய இடத்துக்கே போய்விடும். அட்டெனலால் போன்ற சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்துவது நேரடியாகவே ஆபத்து. உப்பையும் எடையையும் நன்றாகக் குறைத்த சிலருக்கு டாக்டரே அளவைக் குறைக்கலாம். அந்த முடிவை வீட்டில் எடுக்கக் கூடாது.

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே." தலைவலி, தலைசுற்றல் வந்தால்தான் பி.பி. என்று நினைப்பவர்கள் அதிகம். 170 இருந்தும் எதுவும் தெரியாமல் இருப்பவர்களே பெரும்பாலானோர்.

"நீர் மாத்திரை போட்டா அடிக்கடி பாத்ரூம் போகணும்." பஸ் பயணம், கல்யாண வீடு, கழிப்பறை சரியில்லாத வேலையிடம். இவற்றுக்குப் பயந்து மாத்திரையை விடுபவர்கள், குறிப்பாகப் பெண்கள், நிறைய பேர். வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். கேட்டால்தான் தெரியும். மாத்திரை போடும் நேரத்தை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்டாலே பல நேரம் இதற்கு வழி கிடைத்துவிடும்.

"கால் வீங்குது", "வறட்டு இருமல் வருது." அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமல் தரும். மாற்று மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால், இதே வீக்கமும் இருமலும் இதயச் செயலிழப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம். மாத்திரையால் வந்ததா, நோயால் வந்ததா என்று நாமே தீர்மானிக்கக் கூடாது.

கடைசியாக, சத்தமில்லாமல் கெடுக்கும் ஒரு பழக்கம். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள். இவை உப்பையும் நீரையும் உடலில் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். செயலிழப்பு உள்ளவர்களின் நிலையை மோசமாக்கும். பி.பி. மாத்திரையைச் சரியாகப் போட்டும் அழுத்தம் இறங்காதவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "வலி மாத்திரை ஏதாவது போடுறீங்களா?"

நீங்கள் பார்க்கும் பி.பி. சரிதானா?

வேகமாக நடந்து வந்து உட்கார்ந்ததும் பார்த்த எண்ணை நம்ப முடியாது. 5 நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். கால்கள் தரையில் பதிய வேண்டும். கால் மேல் கால் போடக் கூடாது. அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். பட்டையைச் சட்டைக் கைமேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்ற வேண்டும். அளவெடுக்கும்போது பேசக் கூடாது. 1 அல்லது 2 நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும்.

கை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இதய மட்டத்தில் மேஜைமேல் தாங்கி வைக்க வேண்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், கையை மடியில் வைத்தபோது மேல் எண் சுமார் 4 புள்ளியும், பக்கவாட்டில் தொங்கவிட்டபோது 6.5 புள்ளியும் கூடுதலாகக் காட்டியது. கை பருமனாக இருப்பவர்களுக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினாலும் எண் ஏறிக் காட்டும்.

ஒருமுறை அதிகமாக வந்தாலே நோயாளி என்று ஆகிவிடாது. வேறு வேறு நாள்களில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

140-ஆ, 130-ஆ? எது உயர் ரத்த அழுத்தம்?

கூகுள் செய்து குழம்புபவர்களுக்காக இது. இந்தியாவின் அரசுத் திட்டங்களில் 140/90 அல்லது அதற்கு மேல் என்பதே கணக்கு. அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2017-ல் அந்த எல்லையை 130/80 ஆகக் குறைத்தன. 2025 ஆகஸ்டில் வந்த புதிய வழிகாட்டுதலிலும் அதையே வைத்திருக்கின்றன. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024-ல் 140/90 என்பதைத் தொடர்ந்தாலும், 120 முதல் 139 வரை இருப்பதை 'உயர்ந்துவரும் அழுத்தம்' என்று தனியாகப் பிரித்தது.

கோடு எங்கே போட்டாலும், இதயத்தின் மீதான சுமை அந்தக் கோட்டில் திடீரென்று தொடங்குவதில்லை. 135 இருப்பவருக்கு இன்றே மாத்திரை வேண்டும் என்று அர்த்தமில்லை. ஆனால் உப்பு, எடை, நடை, தூக்கம் பற்றி யோசிக்க அதுவே சரியான நேரம். சர்க்கரை நோய், சிறுநீரகப் பாதிப்பு இருப்பவர்களுக்கு டாக்டர்கள் இன்னும் கறாராக இருப்பார்கள்.

நர்ஸிங் மாணவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

இந்த நோயில் டாக்டரைவிட அதிக நேரம் நோயாளி அருகில் இருப்பவர் நர்ஸ்தான். புத்தகத்தில் படித்ததை நோயாளியின் மொழியில் கேட்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

'ஆர்தாப்னியா இருக்கா?' என்று யாரிடமும் கேட்க முடியாது. "எத்தனை தலகாணி வெச்சுப் படுக்குறீங்க? முன்னாடி எத்தனை வெப்பீங்க?" என்று கேளுங்கள். "ராத்திரி மூச்சு முட்டி எழுந்து ஜன்னல் பக்கம் போறீங்களா?" என்று கேளுங்கள். "செருப்பு இறுக்கமா இருக்கா? புடவை நாடா தடம் பதியுதா?" என்ற கேள்விகள் நீர் தேங்குவதைச் சொல்லிவிடும். வீங்கிய இடத்தை விரலால் சில விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா என்று பாருங்கள். படுத்தே இருப்பவருக்கு வீக்கம் காலில் இல்லாமல் இடுப்புக்குப் பின்னால் இருக்கும். அங்கே பார்க்க மறந்துவிடுகிறோம்.

எடையைத் தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், அதே தராசில் பாருங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பு இல்லை, தண்ணீர். குடித்தது எவ்வளவு, சிறுநீர் போனது எவ்வளவு என்ற சார்ட்டை ஷிஃப்ட் முடியும்போது ஊகித்து நிரப்பக் கூடாது. மறுநாள் ஊசி மருந்தின் அளவு அந்தச் சார்ட்டைப் பார்த்துத்தான் முடிவாகிறது.

மூச்சுத்திணறலோடு வருபவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வையுங்கள். ஃப்யூரோசமைடு போட்டால் பொட்டாசியம் குறையலாம், ரிப்போர்ட்டைப் பாருங்கள். டிகாக்ஸின் கொடுக்கும் முன் ஒரு முழு நிமிடம் இதயத்துடிப்பை எண்ணுங்கள். 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இளஞ்சிவப்பு நிறத்தில் நுரையோடு சளி வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

டிஸ்சார்ஜ் நாள்தான் எல்லாவற்றிலும் முக்கியம். 'மாத்திரையைக் கரெக்டா சாப்பிடுங்க' என்று சொல்லி அனுப்பினால் போதாது. எந்த மாத்திரை எதற்கு, தீர்ந்தால் எங்கே வாங்குவது, அடுத்த பரிசோதனை எந்தத் தேதி என்று நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தமிழ் படிக்கத் தெரியாதவராக இருந்தால் அட்டையில் சூரியன், நிலா வரைந்து கொடுங்கள்.

செயலிழப்பு வந்த பிறகு என்ன வழி?

பத்து வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட இன்றைய நிலைமை நன்றாக இருக்கிறது. சுருங்கும் சக்தி குறைந்தவர்களுக்கு இப்போது நான்கு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதில் ஒன்று, முதலில் சர்க்கரை நோய்க்காக வந்த 'க்ளிஃப்ளோசின்' வகை. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற பெயர்களை மருந்துச் சீட்டில் பார்த்திருக்கலாம். சர்க்கரை நோய் இல்லாத இதய நோயாளிக்கும் இது பலன் தருகிறது. விறைப்பு வகைச் செயலிழப்பிலும் பலன் தெரிந்த மருந்து இது.

2025 மார்ச்சில் எம்பாக்ளிஃப்ளோசினுக்கான காப்புரிமை இந்தியாவில் முடிந்தது. அதுவரை ஒரு மாத்திரை சுமார் 60 ரூபாய். பல நிறுவனங்கள் களத்தில் இறங்கியதும், விலை 10 ரூபாய்க்கும் கீழே கிடைக்கும் அளவுக்கு வந்தது. மாதம் 1,800 ரூபாய் செலவு செய்ய முடியாமல் நிறுத்தியவர்கள், டாக்டரிடம் இதைப் பற்றி மறுபடி கேட்கலாம்.

வீடு தேடி வரும் மாத்திரை போதுமா?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது. கூலி வேலையை விட்டுவிட்டு மாதம் ஒருநாள் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால், மாத்திரை கைக்கு வருவதும் அழுத்தம் இறங்குவதும் ஒன்றல்ல. மாத்திரை கொடுத்தவர்களின் எண்ணிக்கையைவிட, எத்தனை பேருக்கு 140/90-க்குக் கீழே வந்தது என்ற எண்ணிக்கைதான் நாம் கேட்க வேண்டிய கணக்கு. கொடுத்த மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறதா, அளவைக் கூட்ட வேண்டியிருக்கிறதா, தொடர் பரிசோதனைக்கு வராமல் போனவர் யார் என்று பார்க்க, பயிற்சி பெற்ற ஆள்கள் வேண்டும். துணை சுகாதார நிலையங்களில் நர்ஸ்களை இடைநிலை சுகாதாரப் பணியாளர்களாக நியமித்ததன் பயன் இங்கேதான் தெரியவேண்டும். இந்த வேலைக்குத்தான் இன்றைய நர்ஸிங் மாணவர்கள் நாளை வரப்போகிறார்கள்.

இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியவை

ஊருக்குப் போன் பண்ணும்போது "சாப்பிட்டீங்களா?" என்பதோடு "பி.பி. மாத்திரை எத்தனை பாக்கி இருக்கு?" என்றும் கேளுங்கள். 'போட்டீங்களா?' என்று கேட்டால் எல்லோரும் 'ம்' என்றுதான் சொல்வார்கள். பாக்கி எத்தனை என்று கேட்டால் உண்மை தெரியும்.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாயில் ஏற்றிக்கொண்டால் பலன் இல்லை. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், 'அது பி.பி.க்கு நல்லது' என்பதை நம்ப வேண்டாம். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சில பி.பி. மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும் என்பதால் மற்றவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது.

உங்களுடையதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 30 வயதில் யாருக்கு பி.பி. என்று இருந்துவிடாதீர்கள். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறிய பெண்களுக்குப் பின்னாளில் இதயச் செயலிழப்பு அபாயம் கூடுதல். பிரசவத்தோடு அந்தக் கணக்கு முடிந்துவிடவில்லை.

படுத்தால் மூச்சு வாங்குவது, சில நாளில் எடை ஏறுவது, கால் வீக்கம். இந்த மூன்றில் எது புதிதாக வந்தாலும் 'வயசாயிடுச்சு' என்று விடாதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு முட்டினால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

முதலில் பார்த்த அப்பா இப்போது டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்திருப்பார். அடுத்த மாதப் பரிசோதனையில் அவருக்கு 126/78 என்று வரும். "நார்மல் ஆயிடுச்சே" என்று அவர் மறுபடியும் சொல்வார். "ஆமாம்பா, மாத்திரை போடுறதாலதான் நார்மலா இருக்கு" என்று சொல்ல வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்.